இலைச் சீட்டில் ஒளிந்திருந்த எண்: பெருக்கல், வகுத்தல் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி

போன ஐப்பசியில் விடாத மழை. அந்தச் சுற்றுப் பறிப்புக்கான இலைக் கணக்குச் சீட்டை அம்மா என் முன்னால் போட்டு, "இதுல எங்கயோ இடிக்குதுடி, நீதான் பெரிய கணக்கு டீச்சராச்சே, பாரு" என்றார். நான் டீச்சர் எல்லாம் இல்லை. கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் ஆறாவது, ஏழாவது படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறித்த பச்சை இலையை ஏஜென்ட் வண்டியோடு வந்து எடை போட்டு எடுத்துப் போவார், காசு பின்னால் வரும். அம்மாவின் நோட்டில் 200 கிலோ என்று இருந்தது. பேசிய விலை கிலோவுக்கு 23 ரூபாய். ஆக 4,600 வந்திருக்க வேண்டும். சீட்டில் 4,140 என்று தொகை மட்டும் எழுதியிருந்தது, என்ன விலை, எத்தனை கிலோ என்று ஒரு வார்த்தை இல்லை.

விலையில் கை வைத்தார்களா, எடையில் கை வைத்தார்களா? இரண்டும் வேறு வேறு கேள்வி, இரண்டுக்கும் தனித்தனிச் சமன்பாடு. தெரியாத எண்ணுக்குத் 'த' என்று பெயர் வைத்துக்கொண்டால், விலையைக் குறைத்திருந்தால் இப்படி:

200 × த = 4140

எடையைக் குறைத்திருந்தால் இப்படி:

23 × த = 4140

முதலாவதைத் தீர்த்தால் த = 20.70. இரண்டாவதைத் தீர்த்தால் த = 180. எங்கள் ஏஜென்ட் பைசாவில் விலை பேசி நான் பார்த்ததே இல்லை. ஆனால் 180 என்பது 200-இல் சரியாகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது. மழை நேரத்தில் இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் கழிப்பது நடக்கிற சங்கதிதான், சொல்லாமல் கழித்ததுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வண்டி வந்ததும், "ஏம்ப்பா, இருபது கிலோ தண்ணிக்குன்னு கழிச்சியா?" என்று நேராகவே கேட்டார். அவரும் மழுப்பவில்லை, ஆமாம் என்றார். "அப்ப சீட்டுல எழுதிக் குடு" என்று அம்மா சொல்லி, இப்போது எழுதித்தான் தருகிறார்.

அந்த 180 எப்படி வந்தது என்பதுதான் இங்கே நான் சொல்லப்போவது. 6-ஆம், 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டுப்பாடத்தோடு வந்து நிற்கும்போது திருதிருவென்று முழிக்கும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுத்து விஷயம். பள்ளிப் புத்தகத்தில் 'த' இருக்கும் இடத்தில் எக்ஸ் இருக்கும். என்னிடம் வரும் பிள்ளைகள் அவசரமாக எழுதும்போது எக்ஸும் பெருக்கல் குறியும் ஒரே அச்சாக ஆகிவிடுகிறது, பிறகு தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்க முடியாமல் திணறுவார்கள். அதனால் ஆரம்பத்தில் சில நாள் 'தெரியாதது' என்பதற்குத் 'த' போடச் சொல்லிவிடுவேன், பழகிய பிறகு எக்ஸுக்கு மாறிக்கொள்ளலாம், கணக்குக்கு எந்த எழுத்தாக இருந்தாலும் ஒன்றுதான். எண்ணும் எழுத்தும் நடுவில் குறி இல்லாமல் ஒட்டிக்கொண்டு 6த என்று நின்றால் அது 6 × த. த/6 என்று நின்றால் த-வை 6-ஆல் வகுத்தது.

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பாதித் தப்பு இங்கேயே விழுகிறது. 6த = 84 என்று கொடுத்துப் பாருங்கள், ஒரு பிள்ளையாவது 84-இல் 6-ஐக் கழித்து 78 என்று கொண்டுவந்து நீட்டும். நடுவில் குறி கண்ணுக்குத் தெரியவில்லை, எதையாவது செய்து 6-ஐ விரட்ட வேண்டும், கைக்கு வந்தது கழித்தல். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆறுக்கும் த-வுக்கும் நடுவுல என்ன ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள், அதுவே சொல்லிவிடும்.

சரி, முறைக்கு வருவோம். எந்தச் சமன்பாட்டைப் பார்த்தாலும் இரண்டே கேள்வி. த-வுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? அதைக் கழற்ற என்ன செய்ய வேண்டும்? பெருக்கியிருந்தால் வகுத்துக் கழற்ற வேண்டும், வகுத்திருந்தால் பெருக்கிக் கழற்ற வேண்டும். 14-ஐ 6-ஆல் பெருக்கினால் 84, அந்த 84-ஐ 6-ஆல் வகுத்தால் மறுபடி 14, போன வழியிலேயே வீடு திரும்பியாயிற்று. ஒரு செயலைக் கழற்றும் செயலை அதன் நேர்மாறு என்கிறோம். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. விடையிலிருந்து பின்னோக்கிப் போகும்போது பெருக்கினது வகுக்கும், வகுத்தது பெருக்கும், கூட்டினது கழிக்கும் என்ற விதியை ஆர்யபட்டர் 499-ஆம் ஆண்டு வாக்கிலேயே சொல்லி வைத்துவிட்டார்.

எழுதும் விதம் இது:

6த = 84
6த ÷ 6 = 84 ÷ 6
த = 14

அப்புறம் ஓரத்தில் ஒரு வரி: 6 × 14 = 84, சரி.

நடு வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நான் விடவே விடமாட்டேன். அந்த வரியில் இருபக்கமும் ஒரே காரியம் நடந்திருக்கிறது பாருங்கள். எங்கள் ஊர் மளிகைக்கடையில் இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சங்கிலியில் தொங்கும் இரட்டைத் தட்டுத் தராசும் படிக்கல்லும்தான். அதில் ஒரு தட்டில் ஒரே அளவான மூன்று பூண்டுப் பைகள், இன்னொரு தட்டில் ஒரு கிலோப் படிக்கல் ஆறு, முள் நேராக நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3த = 6. பைப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துவிட்டு மீதியை எடுத்தால் முள் சாய்ந்துவிடும். கல் பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்தால்தான் மறுபடி நேராகும்: ஒரு பைக்கு இரண்டு கிலோ. சமக்குறி என்பது அந்த முள். ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்தால் அது அசையாது, செய்யாவிட்டால் அது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

சமக்குறி பற்றிச் சொன்னதும் ஒரு புலம்பல். பிள்ளைகள் அதை 'அப்புறம்' என்ற வார்த்தைக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள். போன வாரம் ஒரு நோட்டில் பார்த்தது:

84 ÷ 6 = 14 × 6 = 84

84-ஐ 6-ஆல் வகுத்தேன், 14 வந்தது, அப்புறம் 6-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 84 வந்தது என்று அந்தப் பையன் மனதுக்குள் பேசியதை அப்படியே எழுதிவிட்டான். எண்ணமெல்லாம் சரி, எழுதியது பொய். 84 ÷ 6 எப்படி 14 × 6-க்குச் சமமாகும்? இந்தக் குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் அச்சில் கொண்டுவந்தபோது, இணையாக ஓடும் இரண்டு கோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இல்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தாராம். அவரை நினைத்தாவது ஒரு வரிக்கு ஒரு சமக்குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சமக்குறிகள் நேர்கோட்டில் இறங்கி வந்தால் பார்க்கவும் அழகு, தப்பு எந்த வரியில் விழுந்தது என்பதும் பளிச்சென்று தெரியும்.

இனி அந்த 'அந்தப் பக்கம் போனால் மாறிவிடும்' சமாச்சாரம். பெருக்கல் சமக்குறியைத் தாண்டினால் வகுத்தலாகும், வகுத்தல் தாண்டினால் பெருக்கலாகும் என்று நாம் எல்லோரும் படித்ததுதான். விடை சரியாகத்தான் வரும், நானும் சும்மா மனக்கணக்குப் போடும்போது அப்படித்தான் போடுகிறேன். ஆனால் ஆரம்பிக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த எண்ணும் எங்கேயும் போகவில்லை, இருபக்கமும் ஒரே எண்ணால் வகுத்தோம், அவ்வளவே. 'தாண்டினால் மாறும்' என்று மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்த பிள்ளை, கழித்தல் குறி ஒன்று கூட வந்ததும் எது மாறும் என்று தெரியாமல் நின்றுவிடும். −5த = 35 என்று கொடுத்துப் பாருங்கள். −5 தாண்டினால் +5 ஆகும், ஆகவே 35 + 5 = 40 என்று ஒருவர். இல்லை, 35-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், 7 என்று இன்னொருவர். இரண்டும் தப்பு. த-வுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? −5-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், குறியும் சேர்ந்துதான் அந்த எண். கழற்றவும் −5-ஆல்தான் வகுக்க வேண்டும்:

−5த = 35
−5த ÷ (−5) = 35 ÷ (−5)
த = −7

போட்டுப் பாருங்கள்: −5 × −7 = 35. சரி.

குறை எண் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை, ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்கள். ராத்திரியில் மணிக்கு 2 டிகிரி வீதம் குளிர் இறங்குகிறது, மொத்தம் 8 டிகிரி இறங்க எத்தனை மணி நேரம் என்று கேட்டால், இறக்கத்தைக் குறை எண்ணாக எழுதினால், −2த = −8. இருபக்கமும் −2-ஆல் வகுத்தால் த = 4. குறையைக் குறையால் வகுத்தால் மிகை என்பதை மனப்பாடம் செய்யாமலே இங்கே புரிந்துகொள்ளலாம், 'மைனஸ் நான்கு மணி நேரம்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா.

பெருக்கலில் இன்னொரு குழி இருக்கிறது. 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் 1,080 ரூபாய்க்குப் போனது, கிலோ என்ன விலை என்றால் 45த = 1080, 45-ஆல் வகுத்தால் 24 ரூபாய். இதை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் 2 கிலோ பூண்டை 5 பொட்டலமாகச் சமமாகக் கட்டினால் ஒரு பொட்டலம் எவ்வளவு?

5த = 2

பெரும்பாலான நோட்டில் 5 ÷ 2, அதாவது இரண்டரைக் கிலோ என்று இருக்கும். மொத்தமே இரண்டு கிலோ, அதில் ஒரு பொட்டலம் இரண்டரைக் கிலோவா? பெரிய எண்ணைச் சின்ன எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று மூன்றாவது, நான்காவது வகுப்பில் பழகிய பழக்கம் விடுவதில்லை. வகுக்க வேண்டியது த-வோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணால், அது பெரிதா சின்னதா என்று பார்க்கவே கூடாது. 2 ÷ 5 = 0.4 கிலோ, 400 கிராம். பின்னமாகவே 2/5 என்று விட்டாலும் முழு மதிப்பெண்தான்.

வகுத்தல் சமன்பாட்டுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் மலை ரயிலில் கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த கம்பி ஆரம்பித்துவிடும், குன்னூர் வரை அந்தப் பல்லைப் பற்றிக்கொண்டுதான் வண்டி ஏறும், எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில் அது. அந்தப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம் ஏறும். ஓடிய தூரத்தை 12-ஆல் வகுத்தால் ஏறிய உயரம். இப்போது திருப்பிக் கேட்போம்: அதே சரிவில் 50 மீட்டர் உயரம் ஏற எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

த/12 = 50
(த/12) × 12 = 50 × 12
த = 600

600 மீட்டர். 600-ஐ 12-ஆல் வகுத்தால் 50, சரி. த-வை 12-ஆல் வகுத்திருந்தார்கள், 12-ஆல் பெருக்கிக் கழற்றினோம். பிள்ளைகளை அடுத்த தடவை ரயிலில் கூட்டிப்போனால் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள். குரங்கைப் பார்க்கும் நேரம் போக மீதி நேரத்தில் கேட்பார்கள்.

இந்த வகுத்தலில் நானே ஒரு தடவை கேவலப்பட்டிருக்கிறேன். ஏறக்குறைய நான்கு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும், சில சமயம் நாலரைகூட ஆகும், நான்கு என்றே வைத்துக்கொள்வோம். டியூஷன் பையன் ஒருவனின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், பையனைக் கூட்டிப்போக வந்தவர் சும்மா நின்றுகொண்டு, "55 கிலோ தூள் வந்துச்சுன்னா எவ்வளவு இலை போயிருக்கும்னு உங்க சமன்பாட்டுல சொல்லும்மா" என்றார். நான் பலகையில் த/4 = 55 என்று ஒழுங்காக எழுதினேன். எழுதிவிட்டு, பேச்சு வேகத்தில், 4 கண்ணில் பட்டதும் 55-ஐ 4-ஆல் வகுத்து, "பதிமூணே முக்கால் கிலோண்ணா" என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசிக்கிற மாதிரி நின்றார். "பதிமூணே முக்கால் கிலோ இலையில 55 கிலோ தூளா? அந்த ஃபேக்டரி எங்க இருக்குன்னு சொல்லும்மா, நாளைக்கே வேலைக்குச் சேர்ந்துடுறேன்." பிள்ளைகள் ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். சமன்பாட்டை எழுதியதும், கழற்றுவதற்கு முன்பே, விடை பெரிதாக வருமா சின்னதாக வருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். த-வை 4-ஆல் வகுத்தே 55 வந்திருக்கிறது என்றால் த 55-ஐவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். 4 × 55 = 220 கிலோ. பெருக்கித்தான் 84 வந்தது என்றால் த 84-ஐவிடச் சின்னதாக இருக்க வேண்டும். ஒன்றைவிடப் பெரிய எண்களுக்கு இது தப்பாது. ஒன்றைவிடச் சின்னப் பின்னத்தால் பெருக்கியிருந்தால் தலைகீழாகிவிடும், அதை அடுத்துப் பார்ப்போம்.

தோண்டிய உருளைக்கிழங்கில் மூன்றில் இரண்டு பங்கை மண்டிக்கு அனுப்பிவிட்டு மீதியை விதைக்கு வைத்துக்கொண்டார்கள். மண்டிக்குப் போனது 18 மூட்டை. மொத்தம் எத்தனை மூட்டை?

(2/3)த = 18

இதில் த-வுக்கு இரண்டு காரியம் நடந்திருக்கிறது, 3-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் 2-ஆல் வகுத்துவிட்டு 9 என்று நிறுத்திவிடுவார்கள், கீழே ஒரு 3 பாவமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டையும் கழற்ற வேண்டும். எதை முதலில் கழற்றுவது? இலை பறிக்கப் போகும் பெண்களைப் பார்த்தால் தெரியும்: ஸ்வெட்டர் போட்டு, பனியும் செடியும் மேலே படாமல் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, கடைசியாகத்தான் முதுகில் பை. சாயங்காலம் வந்ததும் முதலில் இறக்குவது பை, பிறகு படுதா, கடைசியில் ஸ்வெட்டர். பையைத் தோளில் வைத்துக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றிப் பாருங்கள்! கடைசியாகப் போட்டது முதலில் கழலும். இங்கேயும் கடைசியாக 2-ஆல் பெருக்கினோம், முதலில் 2-ஆல் வகுப்போம்: த/3 = 9. அப்புறம் 3-ஆல் பெருக்குவோம்: த = 27. மொத்தம் 27 மூட்டை, அதில் மூன்றில் இரண்டு 18, சரி.

பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே இருப்பதால் உண்மையில் இங்கே வரிசை மாறினாலும் விடை மாறாது, 18 × 3 = 54, 54 ÷ 2 = 27. ஆனால் நாளைக்கு நடுவில் ஒரு கூட்டல் வந்து உட்காரும்போது வரிசை ரொம்ப முக்கியமாகிவிடும், இப்போதே பழகுவது நல்லது. குறுக்கு வழி வேண்டுமென்றால் பின்னத்தைக் கவிழ்த்துப் பெருக்குங்கள். 2/3-ஐக் கவிழ்த்தால் 3/2, அதற்குத் தலைகீழி என்று பெயர். 18 × 3/2 = 27. 'கவிழ்த்துப் பெருக்கு' என்று பள்ளியில் சொன்னதன் ரகசியம் இதுதான், 3/2-ஆல் பெருக்குவதும் 2-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குவதும் ஒரே வேலை.

கடைசியாக ஒரு வில்லங்கமான வகை. 60 கிலோ கேரட்டைச் சில பைகளில் சமமாகப் போட்டோம், பைக்கு 12 கிலோ வந்தது. எத்தனை பை?

60/த = 12

வகுத்தல் தெரிகிறது, ஆகவே பெருக்கலாம் என்று 60 × 12 = 720 பை என்று எழுதிக் கொண்டுவருவார்கள். 60 கிலோ கேரட்டுக்கு 720 பை! இங்கே த மேலே இல்லை, கீழே இருக்கிறது. த-வை எதனாலும் வகுக்கவில்லை, த-வால் 60-ஐ வகுத்திருக்கிறார்கள். கீழே இருக்கும்வரை அதைப் பிடிக்க முடியாது, முதலில் மேலே கொண்டுவர வேண்டும். இருபக்கமும் த-வாலேயே பெருக்குங்கள்:

60/த = 12
60 = 12த
5 = த

இரண்டாவது வரி வந்துவிட்டால் அது நமக்குப் பழகிய பெருக்கல் சமன்பாடு, 12-ஆல் வகுத்தால் முடிந்தது. 5 பை. த வலப்பக்கம் நிற்கிறதே என்று சிலர் தவிப்பார்கள். 5 = த என்றாலும் த = 5 என்றாலும் ஒன்றுதான், தராசின் தட்டுகளை இடம் மாற்றினால் எடை மாறுமா?

இருபக்கமும் எந்த எண்ணாலும் வகுக்கலாம், பூஜ்ஜியத்தைத் தவிர. 0 × த = 5 என்று யாராவது கொடுத்தால் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம், பூஜ்ஜியத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான், 5 வரவே வராது, விடை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.

சரிபார்க்கும் வரியைப் பற்றி இன்னொரு வார்த்தை, ஏனென்றால் அதைத்தான் நேரமில்லை என்று முதலில் கைவிடுகிறார்கள். வந்த விடையை உங்கள் கடைசி வரியில் போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. கேள்வித்தாளில் கொடுத்த முதல் வரியில் போட வேண்டும், நடுவில் தப்பு செய்திருந்தால் உங்கள் கடைசி வரியும் சேர்ந்துதான் தப்பாக இருக்கும். வாய்க்கணக்காகப் போட்டால் பத்து நொடி ஆகுமா? பரீட்சையில் விடைத்தாளைக் கொடுக்கும் முன்பே சரியா தப்பா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வசதி வரலாற்றுப் பாடத்தில் கிடைக்காது, அறிவியலில் கிடைக்காது, இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

போட்டுப் பார்க்கச் சில கணக்குகள். மண்டிக்கு 540 கிலோ உருளைக்கிழங்கு போனது, மூட்டைக்கு 45 கிலோ, 45த = 540. மலை ரயில் அதே 12-க்கு 1 சரிவில் 35 மீட்டர் உயரம் ஏறியது, த/12 = 35. பறித்த பேரிக்காயில் ஐந்தில் மூன்று பங்கு விற்றதில் 24 கிலோ போனது, (3/5)த = 24. பிறகு கதை எதுவும் இல்லாமல் −7த = 63, 96/த = 8, 8த = 6. நோட்டில் நடு வரியோடு எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள், விடையை முன்னாலேயே பார்த்தால் பிரயோஜனம் இல்லை.

வரிசையாக 12 மூட்டை, 420 மீட்டர், 40 கிலோ, −9, 12. கடைசிக் கணக்குக்கு 4/3 வந்திருந்தால் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துவிட்டீர்கள், பூண்டுப் பொட்டலத்துக்குத் திரும்பிப் போங்கள். 3/4 வந்திருந்தால் அந்த நோட்டை எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.